வெட்டவெளிக்கு ஒரு போர்வை

நிவேதா அந்தக் கண்ணாடித் துண்டை டிஷ்யூ காகிதத்திலிருந்து பிரித்து எடுத்து, ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியின் நடுவில் ஒரு மங்கல். தினமும் வடை சுடுகிற கடையின் ஜன்னலில் படிந்திருக்குமே, அந்த மாதிரி.

"இது எண்ணெய் மேடம்" என்றாள். "நம்ம போர்வையிலருந்துதான் வந்திருக்கு. டெஸ்ட் ஃபெயில்."

எங்கள் செக்‌ஷனில் அப்போது மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பகுதி அது. யாருக்கும் அவள் சொன்னது கேட்டிருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு மெஷினாக நின்றது. நான் அங்கே செக்கிங் சூப்பர்வைசர். என் முகம் கோணினால் மெஷின் நிற்பது வழக்கம்தான்.

எண்ணெய் என்றதும் நான் யோசிக்கவே இல்லை. திரும்பி ஷாகிராவைப் பார்த்தேன்.

இந்தப் பத்தியில் இத்தனை வாரமாகக் காலுக்குக் கீழே உள்ள சமாசாரங்களையே எழுதிக்கொண்டிருந்தேன். செருப்பு, ஷூ, தோல், சாக்கடை. இந்த வாரம் தலைக்கு மேலே போகிறேன். ஆம்பூர்க்காரிக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வேலை இருந்தது. அதில் நான் செய்த தப்பும் இருந்தது.

ஷூ பெட்டி அளவு

நிவேதா கடைசி வருஷ என்ஜினீயரிங் மாணவி. வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. அவளும் அவள் தோழிகளும் சேர்ந்து சின்னதாக ஒரு செயற்கைக்கோள் செய்துகொண்டிருந்தார்கள். "எவ்ளோ பெருசும்மா?" என்று கேட்டேன். "ஒரு ஷூ பெட்டி அளவு மேடம்" என்றாள். எங்களிடம் அதைவிடத் தெளிவாக யாராலும் அளவு சொல்ல முடியாது.

அதற்கு ஒரு போர்வை வேண்டும். அலுமினியம் பூசிய, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள், ஒவ்வொரு தாளுக்கும் நடுவே கொசுவலை மாதிரி ஒரு வலைத்துணி, இப்படி அடுக்கடுக்காக வைத்து ஓரம் தைக்க வேண்டும். வேலூரில் இரண்டு தையல் கடைக்காரர்கள் கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். நிவேதாவின் அப்பா எங்கள் முதலாளிக்கு லைனிங் துணி சப்ளை செய்கிறவர். அப்படித்தான் அந்தப் பெண் எங்கள் படி ஏறினாள்.

அந்தச் சமயம் ஷூ ஆர்டர் ரொம்பக் கம்மி. ஒவ்வொரு லைனாக மூடிக்கொண்டு வந்தார்கள். அடுத்தது எங்கள் லைன்தான் என்று பேச்சு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இது ஒண்ணு நல்லா வந்துச்சுன்னா அந்த மாதிரி வேலைங்க நெறைய வரும். உங்க லைன மூட மாட்டேன். உங்களால முடியுமா வசந்தாம்மா?" என்றார். "முடியும் சார்" என்றேன். எட்டுப் பெண்களின் பிழைப்பு அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது.

தாள் மூன்று போர்வைக்குத்தான் இருந்தது. ராக்கெட் நமக்காகக் காத்திருக்காது என்று நிவேதா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

வேக்கம் மெஷின்

ஆகாயத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவளிடம் நான் கேட்டேன். "ஒண்ணும் இல்ல மேடம், வேக்கம்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வேக்கம் எனக்குத் தெரிந்த ஆள்.

பிளஸ் டூ முடித்த கையோடு நான் முதலில் சேர்ந்தது தோல் பதனிடுகிற ஒரு டேனரியில். அங்கே வேக்கம் மெஷின் என்று ஒன்று உண்டு. ஈரத் தோலைச் சூடான எஃகுப் பலகையில் சுருக்கமில்லாமல் விரிப்பார்கள். மேலே மூடி இறங்கும். உள்ளே இருக்கிற காற்றை பம்ப் உறிஞ்சும். கொஞ்ச நேரத்தில் மூடியைத் தூக்கினால் தோல் காய்ந்திருக்கும். பலகையைத் தொட்டுப் பார்த்தால் கை பொறுக்கும் சூடுதான். இந்தச் சூட்டில் அவ்வளவு தண்ணீர் எப்படிக் கொதித்துப் போனது என்று மாதக்கணக்காகக் குழம்பியிருக்கிறேன். காற்று மேலே உட்கார்ந்து அழுத்துவதால்தான் தண்ணீர் தண்ணீராக இருக்கிறதாம். அந்த அழுத்தம் போய்விட்டால் கொஞ்சம் சூடே அதற்குப் போதுமாம்.

"அதேதான் மேடம்!" என்று நிவேதா துள்ளினாள். "ஆனா உங்க மெஷின்ல கொஞ்சம் காத்து மிச்சம் இருக்கும். மேல அதுவும் கெடையாது. தண்ணி மட்டும் இல்ல, இங்க காயவே காயாத எண்ணெய், கிரீஸ் எல்லாம் அங்க மெல்ல மெல்லக் கெளம்பிப் போய்டும். போறது சும்மா போகாது. எங்க குளிர்ச்சியா இருக்கோ அங்க போய் ஒட்டிக்கும். எங்க கேமரா லென்ஸ்தான் அதுக்குச் சரியான எடம்."

கேமராவை மறைத்தால் அந்தப் பெட்டி குருட்டுப் பெட்டி. மேலே போய்த் துடைத்துவிட்டு வர ஆள் கிடையாது. அதனால்தான் டெஸ்ட். போர்வையைக் காற்றில்லாத ஒரு உருளைக்குள் வைத்துச் சூடுபடுத்தி, பக்கத்தில் குளிர்ச்சியாக ஒரு கண்ணாடித் துண்டை வைப்பார்கள். கண்ணாடியில் எதுவும் படியக்கூடாது.

குளிருமா, சுடுமா என்று கேட்டேன். இரண்டும்தானாம். வெயில் படுகிற பக்கம் கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடு. நிழல் பக்கம் ஐஸ்கட்டியெல்லாம் வெதுவெதுப்பு என்று சொல்லும்படியான குளிர். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வருவதால், அதற்குள்ளாகவே ஒரு பகலும் ஒரு இரவும் வந்து போய்விடும். சூட்டை ஆற்றக் காற்றும் கிடையாது. ஃபேன் வைத்தால் ஃபேன் மட்டும் சுற்றும். பாய்லர் பக்கத்தில் நின்றால் தொடாமலே கன்னம் சுடுமே, அப்படிக் கதிராக வந்து கதிராகவே போகிற சூடு அது. பளபளவென்று இருக்கிற தாள்கள் அதைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு தாளோடு இன்னொரு தாள் ஒட்டினால் சூடு அந்த வழியாக உள்ளே நுழைந்துவிடும். வலைத்துணி அதற்குத்தான்.

இதில் எங்களுக்கு வந்த பெரிய பேஜார், தையலைக் குறைக்கச் சொன்னது. ஷூவில் தையல் நெருக்கமாக விழுந்தால்தான் நல்ல கை என்று பெயர். இங்கே ஒவ்வொரு தையலும் தாள்களை அழுத்தி ஒட்டவைக்கும். இடைவெளி விட்டுத் தைக்க எங்கள் பெண்களுக்குக் கை வரவே இல்லை. பழைய செருப்பு தைக்கிற மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார்கள். தாளில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டைகள் வேறு. ராக்கெட் ஏறும்போது உள்ளே மாட்டிய காற்று வெளியே போக வழி வேண்டுமாம். இல்லாவிட்டால் போர்வை பூரி மாதிரி உப்பிக் கிழிந்துவிடும்.

காற்று இல்லை என்றால் சத்தமும் இல்லை என்று நிவேதா சொன்னபோது ஷாகிரா தலையைத் தூக்கினாள்.

"சூப்பர்வைசர் கத்துனாக்கூட கேக்காதா?"

"பக்கத்துல நின்னு கத்துனாலும் கேக்காது."

"அப்போ நான் அங்கியே போயிட்றேன்" என்றாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஷாகிராவின் ஊசி

ஷாகிரா எங்கள் லைனில் முதல் கை. ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் உருது, வேலையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். வளைவு தைக்க அவளை விட்டால் ஆள் இல்லை. அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கையால் தைக்கும்போது நாலு தையலுக்கு ஒரு தடவை ஊசியைத் துப்பட்டாவுக்குள் விட்டு, காதோர முடியில் ஒரு இழு இழுப்பாள். தலையில் இருக்கிற எண்ணெய் பட்டால் ஊசி தோலில் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் பக்கம் கையால் தைக்கிற பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு.

போர்வையையும் கையால்தான் தைக்க வேண்டும். தைக்கும்போது எல்லாருக்கும் தொப்பி, கையுறை என்று நிவேதா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். போட்டுக்கொண்டுதான் தைத்தார்கள். ஆனாலும் கண்ணாடியில் எண்ணெய் என்றதும் எனக்கு ஷாகிராவின் காதோரம்தான் ஞாபகம் வந்தது.

"தலையில ஊசி விட்டியா?" என்றேன். எல்லார் முன்னாடியும்தான்.

"அல்லா சத்தியமா இல்லக்கா. தொப்பிய இழுத்து காது வரைக்கும் மூடியிருந்தேன். நீங்களும் பாத்தீங்க இல்ல?"

"பழக்கம் கையில ஊறிப்போச்சு. செய்றது உனக்கே தெரியாது."

"தெரியாம எப்டிக்கா தொப்பிக்குள்ள கை போவும்?"

பதில் இல்லாதபோது என் குரல் ஏறும். "எட்டு பேர் சோத்துல மண்ணப் போட்டுட்டு வாய் வேற பேசாத" என்றேன். ஷாகிரா கையுறையைக் கழற்றி, மடித்து, மெஷின் மேல் வைத்தாள்.

ஒவ்வொரு வேலைக்கும் எங்களிடம் ஒரு ஜாப் கார்டு உண்டு. தோல்வி என்றால் காரணம் எழுதி என் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதினேன்: தையல் தொழிலாளி ஷாகிரா, தலை எண்ணெய். ஆள் மாற்றப்பட்டார். அவளை பேக்கிங் பகுதிக்கு அனுப்பினேன். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கே வரவில்லை.

இரண்டாவது கண்ணாடி

இரண்டாவது போர்வையை மற்றப் பெண்கள் தைத்தார்கள். நான் பக்கத்திலேயே கழுகு மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி கையும் தலைப் பக்கம் போகவில்லை. வளைவுகள் ஷாகிராவின் கை மாதிரி இல்லைதான். ஆனாலும் மோசம் என்று சொல்ல முடியாது. பெருமையாக அனுப்பிவைத்தேன்.

நாலு நாள் கழித்து நிவேதா வந்தாள். கண்ணாடியை அவள் பிரிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே மங்கல்.

இந்தத் தடவை அவள் போர்வையையும் கொண்டுவந்திருந்தாள். மேஜையில் விரித்து, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி திருப்பினாள். "இங்க பாருங்க மேடம். சூட்டுல வெந்து பழுப்பாயிருக்கு."

தாளின் மேல் தையலை ஒட்டியே ஒரு தடம். நாலு ஓரமும் ஒரே சீராக ஓடியது. மூலையில் வந்து நின்று, வட்டமாகத் திரும்பி, மறுபடி ஓடியது. கட்டைவிரல் அகலம்.

"யாரோ வெறும் விரலால தடவியிருக்காங்க. யாரு இது?"

என் வலது கை சேலை முந்தானைக்குள் தானாகப் போய்விட்டது.

என் கட்டைவிரல் கம்பெனியில் பேர் போனது. தோலைத் தரம் பிரிப்பதானாலும், ஷூ தையலைச் சோதிப்பதானாலும், எங்கள் தொழிலில் கண்ணைவிடக் கைதான் பெரிது. தையல் ஒன்று தாவியிருந்தால் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. ஷூ வாங்க வெளிநாட்டிலிருந்து வந்த பையர் ஒருவர் என் விரலைக் காட்டி முதலாளியிடம் புகழ்ந்திருக்கிறார். டேனரியில் கெமிக்கல் பட்டு வெடித்த கை என்பதால் தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்வேன். சோப்பு போட்டுக் கழுவினாலும் வெடிப்புக்குள் போனது போகாது. பெண்கள் கையுறையோடு தைத்து முடித்ததும், நான் என் வலது கையுறையைக் கழற்றிவிட்டு, நாலு ஓரமும் ஒரு தடவு தடவி ஓகே சொல்லியிருக்கிறேன். இரண்டு போர்வைக்கும் அதையேதான் செய்தேன். கையுறையோடு தடவினால் எனக்கு ஒன்றுமே தெரியாதே! செக்கிங் என்றால் எனக்கு அதுதான். அது தொடுவது என்றே எனக்குத் தோன்றவில்லை.

நிவேதா போனபிறகு, கடைசி மெஷினில் உட்காரும் மல்லிகாவிடம் கேட்டேன். "நான் கையுறைய கழட்டுனத நீ பாத்தியாடி?"

"எல்லாரும் பாத்தோம்க்கா."

"சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க செக்கிங். செக்கிங் கைய யாரு செக் பண்றது?"

அவள் குறும்பாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது. பாத்ரூமுக்குப் போய், ஒரு சோப்புக்கட்டி பாதி கரையும் வரை கையைத் தேய்த்துக் கழுவினேன். கழுவி முடித்தபோது, இதை யாரிடமும் சொல்லாமல் மூன்றாவது போர்வையைப் பத்திரமாக முடித்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

சொன்ன இடத்தில்

அன்று சாயங்காலமே ஷாகிரா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் விரல்தான், உன் ஊசி இல்லை, மன்னித்துவிடு, நாளைக்கு வா, மூன்றாவது போர்வைதான் கடைசி, வளைவுக்கு உன் கை வேண்டும் என்றேன்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"இத எதுக்கு இங்க வந்து சொல்றீங்க? அன்னிக்கு எங்க நின்னு சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

"சொல்றேன். நீ வா."

"நீங்க சொன்னீங்கன்னு எனக்கு சேதி வரட்டும். அப்பறம் வர்றேன்."

மறுநாள் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்னால், மெஷின்களை ஆன் பண்ண வேண்டாம் என்று கையைத் தூக்கினேன். முதலாளியையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தேன். "ரெண்டு போர்வையையும் கெடுத்தது என் கை. ஷாகிரா மேல நான் சொன்னது தப்பு. அவ சொன்னது நெசம்" என்றேன். இன்னும் நீளமாகப் பேச ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவ்வளவுதான் வந்தது. ஜாப் கார்டில் அவள் பெயரை அடித்து, என் பெயரை இனிஷியலோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. "செக்கிங் சூப்பர்வைசரே தப்பு பண்ணாங்கன்னு போனா காலேஜ்ல இன்னா நெனப்பாங்க? கார்டை அப்டியே விட்டிருக்கலாமே."

"நெனக்கறத நெனக்கட்டும் சார். மூணாவது பாஸாகும். ஆகலன்னா லைன மூடுங்க, நான் மொதல்ல வெளிய போறேன்."

மல்லிகா அப்போதே யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு ஷாகிரா வந்து, கை கழுவி, தொப்பி மாட்டிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள். "நீங்க தொடக்கூடாது."

தொடவில்லை. முழுசாக இரண்டு நாள் நான் எதையும் தொடவில்லை. கையுறை போட்ட இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியும் டார்ச்சும் மல்லிகாவைப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு தையலாக எண்ணிப் பார்த்தேன். விரல் அரை நிமிஷத்தில் சொல்வதைக் கண் சொல்ல அரை நாள் ஆனது. கழுத்து பிடித்துக்கொண்டது. நடுவில் ஒரு தடவை என் கை தானாக முன்னால் வந்துவிட்டது. ஷாகிரா தலை நிமிராமலே "கை" என்றாள். பின்னால் இழுத்துக்கொண்டேன்.

உருளையின் கதவு

கடைசி டெஸ்ட் அன்று ஷாகிராவும் நானும் பஸ் ஏறிக் கல்லூரிக்கே போய்விட்டோம். அங்கே ஒரு அறையில் படுக்கவைத்த இரும்பு உருளை. வட்டமான தடிமனான கதவு. போர்வை உள்ளே மூன்று நாளாகச் சூட்டிலும் குளிரிலும் கிடந்திருக்கிறது. நிவேதா ஒரு வால்வைத் திருப்பினாள். வெளிக்காற்று உஸ்ஸென்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. பிறகு கதவைத் திறந்து, இடுக்கியால் கண்ணாடித் துண்டை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள்.

ஷாகிரா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். "இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலக்கா" என்றாள் நிவேதா.

"அப்போ?"

"அதான் வேணும். பாஸ்!"

நிவேதாவின் தோழிகள் கத்திய கத்தலில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஷாகிரா கண்ணாடியை விட்டு உருளைக்குள் எட்டிப் பார்த்தாள். தன் தையலைத்தான் பார்த்திருப்பாள். வெகு நேரம் பார்த்தாள். அப்புறம் புர்காவைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"வாங்க மேடம், பஸ்ஸு போய்டும்."

பதினோரு வருஷமாக அவளுக்கு நான் வசந்தாக்கா. என் மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி கண் விழித்தவள் அவள்தான். கையுறையைக் கழற்றி மெஷின் மேல் வைத்த அந்த நாளுக்குப் பிறகு, அக்கா என்ற வார்த்தையை அவள் என்னிடம் சொல்லவே இல்லை.

பெட்டி மேலே போய்விட்டது. சுற்றுகிறது. அது எடுக்கிற படங்களை நிவேதா அவ்வப்போது போனில் அனுப்புவாள். பாலாறு பழுப்புக் கோடாகத் தெரிகிறது. லென்ஸில் மங்கல் இல்லை. எங்கள் லைனும் மூடவில்லை. வேறு இரண்டு இடத்திலிருந்து போர்வை வேலை வந்து, இப்போது பத்துப் பேர் இருக்கிறோம். ஷாகிராதான் தலைமைக் கை. பேசுகிறாள், சிரிக்கிறாள், ரம்ஜானுக்கு பிரியாணி கொடுத்து அனுப்புகிறாள். ஆனால் கூப்பிடுவது மேடம் என்றுதான். ஒரு தடவை வாய்விட்டே கேட்டுவிட்டேன். "பழகிப்போச்சு மேடம்" என்றாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக நான் விட்டுவிடுவதாக இல்லை. நாளைக் காலை ஷிஃப்டுக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் பக்கத்து நாற்காலியில் போய்த்தான் உட்காருவேன்.